அறிக்கையில் வராத ஓவியங்கள்

சிறையில் ஓவியம் என்றதும், மனசைத் தேற்றிக்கொள்ள ஒருவர் வரைவதுதான் நமக்குத் தோன்றும். தெரேசினில் நடந்தது வேறு. பிராகுக்கு வடக்கே உள்ள இந்தக் கோட்டை நகரத்தை 1941 நவம்பரில் நாஜிகள் யூதர்களை அடைக்கும் இடமாக்கினார்கள். அங்கே ஆரம்பத்திலேயே கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவர் கேலிச்சித்திரக்காரர் பெட்ரிக் ஃப்ரிட்டா. முகாமின் வரைபட அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பு.

நம்ம ஐடி பாஷையில் சொன்னால், ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் போடும் டீம். கட்டடத் திட்டங்கள், மேலிடத்துக்குப் போகும் அறிக்கைகளுக்கான படங்கள். எல்லாம் ஒழுங்காக நடப்பதாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் காகிதமும் மையும் கிடைத்தன. இரவில் ஃப்ரிட்டாவும் லியோ ஹாஸும் ஓட்டோ உங்கரும் அதே மையைத் தொட்டு அறிக்கையில் வராததை வரைந்தார்கள்: அடுக்குக் கட்டில்களில் நெரியும் கிழவர்கள், பிணவண்டியில் வரும் ரொட்டி, கிழக்கே போகும் ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டம். எனக்கென்னவோ அவர்களுடைய விடுதலை இதில்தான் இருந்தது என்று படுகிறது. ஊரைவிட்டு வெளியேற முடியாது. ஆனால், ஊரைப் பற்றிய கடைசி வார்த்தையை எஸ்.எஸ். அதிகாரிகளிடம் விட்டுவிட அவர்கள் தயாராக இல்லை.

1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தார்கள். அதற்காகவே ஊருக்கு வெள்ளையடித்து, பொய்க் கடைகள் திறந்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் திருப்தியோடு திரும்பினார்கள். அடுத்த மாதமே, 17ஆம் தேதி, ஓவியர்கள் கைது. படங்கள் சில வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகச் சந்தேகம். விசாரித்தவர்களில் ஐக்மனும் ஒருவன். மிச்சப் படங்கள் எங்கே என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஃப்ரிட்டாவுடையவை தகரப்பெட்டிக்குள் மண்ணில், மற்ற இருவருடையவை சுவர்களுக்குள். சித்திரவதையில் உங்கரின் வலது கை சிதைந்தது. நவம்பரில் ஃப்ரிட்டா ஆஷ்விட்ஸில் இறந்தார். அவர் மனைவி தெரேசினின் சிறைக்கோட்டையிலேயே இறந்தார்.

ஹாஸைப் பிழைக்கவைத்ததும் அவருடைய கைதான், ஆனால் எப்படி! சாக்சன்ஹவுசன் முகாமில் கள்ளநோட்டு அச்சிடும் பிரிவில் அவரைப் போட்டிருந்தார்கள். போர் முடிந்ததும் தெரேசினுக்குத் திரும்பி, ஒளித்துவைத்ததையெல்லாம் வெளியே எடுத்தார். ஃப்ரிட்டாவின் மகன் டாமியையும் தத்தெடுத்துக்கொண்டார்.

மீண்ட படங்களோடு ஒரு புத்தகமும் இருந்தது. 1944 ஜனவரியில் டாமியின் மூன்றாவது பிறந்தநாளுக்காக ஃப்ரிட்டா வரைந்தது. இரவுப் படங்களின் கறுப்பு இதில் கிடையாது. எல்லாம் வண்ணம், விளையாட்டு. பையன் பார்த்தேயிராத வெளியுலகத்தை அப்பா அதில் வரைந்து காட்டுகிறார். ஒரு படத்தில் டாமி ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, நமக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறான்.