பூட்டிய வீடுகளில் பாடிய காதல் கோவை

1869-இல் சிம்ராக் பதிப்பகம் வெளியிட்ட ஓர் இசைநூலின் முகப்பில் விசித்திரமான குறிப்பு ஒன்று இருந்தது. ஒரே பியானோவில் இரண்டு பேர் வாசிக்க வேண்டிய வால்ட்ஸ் நடன இசைத்துண்டுகள் இவை. பாட்டு வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். ஜெர்மன் இசையமைப்பாளர் யொஹான்னஸ் பிராம்ஸின் ‘லீபெஸ்லீடர் வால்ட்சர்’ என்ற காதல் பாடல் கோவை அது. பதினெட்டுச் சின்னப் பாட்டுகள். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரல்கள். தோளோடு தோள் உரச ஒரே பியானோ முன் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர்.

இன்றைக்கு நாற்பது, அறுபது பேர் வரிசை கட்டி நின்று பெரிய அரங்கங்களில் இதைப் பாடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அரங்கத்தை நினைத்து எழுதப்பட்டது அல்ல. கூடத்தில் ஒரு பியானோவும், சாப்பாட்டுக்குப் பிறகு பாட ஆசைப்படும் நாலு நண்பர்களும் இருந்த வீட்டுக்காக எழுதப்பட்டது. இசைத்தட்டு இல்லாத காலத்தில் நான்கு கை பியானோதான் ஐரோப்பிய நடுத்தர வீட்டின் வானொலி. சிம்பொனிகளைக்கூட மக்கள் முதலில் அப்படித்தான் அறிந்துகொண்டார்கள். அதனால்தான் 2020-இல் கொரோனாவால் பாடகர் குழுக்கள் வீட்டுக்குள் அடைபட்டு, ஆளுக்கொரு கைபேசி முன் நின்று இந்த வால்ட்சுகளைப் பாடியபோது, அதை வெறும் மாற்று ஏற்பாடு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டு தன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது என்றே பட்டது.

1869 கோடையில் பிராம்ஸ் பாடன்-பாடனை அடுத்த லிக்டென்டாலில் தங்கியிருந்தார். அவருடைய தோழியான பியானோ கலைஞர் கிளாரா ஷூமனின் வீடும் அங்கேதான். கிளாராவின் மகள் யூலியின்மேல் பிராம்ஸுக்கு ஈர்ப்பு இருந்தது. அவர் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. அந்தக் கோடையிலேயே யூலிக்கு ஓர் இத்தாலியப் பிரபுவோடு நிச்சயமாகி, செப்டம்பரில் திருமணமும் முடிந்தது. அந்த வலியில் பிறந்தது ‘ஆல்ட்டோ ராப்சடி’. ஓபஸ் எண் 53. வால்ட்சுகளின் எண் 52. ஒரே கோடையின் இரண்டு பக்கங்கள். வால்ட்சுகளின் பக்கத்தில் இருப்பது சிரிப்பும் ஏக்கமும் குறும்பும். அதற்குள் எவ்வளவு யூலி இருக்கிறார் என்று அளக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். அளக்காமல் விடுவதே நல்லது.

சொற்களுக்கு பிராம்ஸ் போனது கேயோர்க் ஃப்ரீட்ரிக் டௌமர் 1855-இல் வெளியிட்ட ‘பொலிடோரா’ என்ற தொகுப்புக்கு. ரஷ்ய, போலந்து, ஹங்கேரிய நாட்டுப்பாடல் சாயலில் டௌமர் ஜெர்மனில் எழுதிய கவிதைகள் அவை. பின்னாளில், 1872-இல், பிராம்ஸ் அந்தக் கவிஞரைத் தேடி வ்யூர்ட்ஸ்புர்க் போனார். அங்கே இருந்தது சாந்தமான ஒரு கிழவர். பிராம்ஸின் பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. இத்தனை காதல் கவிதைகளும் எந்தப் பெண்களை நினைத்து எழுதியவை என்று கேட்டதற்கு, தன்னைப் போலவே தளர்ந்திருந்த மனைவியைக் காட்டி, வாழ்நாள் முழுக்க இவள் ஒருத்திதான் என்றாராம். பிராம்ஸ் நண்பர்களிடம் சொல்லி மகிழ்ந்த செய்தி இது.

சங்க அகப்பாடல் படித்தவர்களுக்கு இந்தக் கோவை புதிய ஊர் அல்ல. யாருக்கும் பெயர் இல்லை. ஆறு, கொடி, பறவை, அந்திச் செம்மை என்று பேச்சு போகும். சொல்ல வந்தது மனசைப் பற்றியதாக இருக்கும். ஒன்பதாம் பாட்டில் தன்யூப் கரையில் ஒரு வீடு. பெண் உள்ளே, வாசலில் பத்து இரும்புத் தாழ்ப்பாள். நம்மவர்கள் இற்செறிப்பு என்பார்களே, அதேதான். வெளியே நிற்கும் இளைஞன் அத்தனை தாழையும் கண்ணாடியாக நொறுக்கிவிடுவதாகச் சொல்கிறான். பதினோராம் பாட்டில் அலர், அதாவது ஊர்ப்பேச்சு. சிரித்தால் ஒரு குற்றம், சும்மா இருந்தால் இன்னொரு குற்றம், ஊராரோடு முடியவில்லை என்ற புலம்பல். அடுத்த பாட்டில் பூட்டுச் செய்பவனைக் கூப்பிட்டுக் கணக்கில்லாமல் பூட்டுகள் கேட்கிறார்கள், ஊர் வாய்க்குப் போட. பதினேழாம் பாட்டில் டெனர் தனியாக நின்று, வெளியே நடக்காதே, பாதம் நனைந்துவிடும் என்று காதலியைத் தடுக்கிறான். வழியை நனைத்தது அவனுடைய கண்ணீர்.

தாழிட்ட வாசல், பூட்டு, வெளியே போகாதே. 2020-இல் இதைப் பாடியவர்களுக்கு யாரும் பொருள் விளக்கியிருக்கத் தேவையில்லை.

ஆனால் இணையத்தில் சேர்ந்து பாடுவது அந்த ஆண்டில் பிறந்தது அல்ல; அதற்கும் பத்தாண்டு முன்பு பிறந்தது. 2009-இல் எரிக் விட்டேகர் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு நண்பர் ஒருவர் யூடியூப் காணொளி ஒன்றை அனுப்பினார். விட்டேகரின் ‘ஸ்லீப்’ என்ற சேர்ந்திசைப் பாட்டில் சோப்ரானோவின் பகுதியை மட்டும் ஓர் இளம்பெண் கேமராவைப் பார்த்துத் தனியாகப் பாடியிருந்தாள். அவருக்கு அனுப்பிய ரசிகை மடல் அது. சேர்ந்திசையில் ஒரு குரலின் பகுதியைத் தனியாகக் கேட்டால் பாதி நேரம் பாட்டாகவே இராது; நீண்ட சுரங்கள், காத்திருப்பு, மற்றவர்கள் பாடும்போது மௌனம். இல்லாத மற்றக் குரல்களை நம்பி அவள் பாடியிருந்தாள். இதே மாதிரி எல்லாக் குரல்களிலும் ஆட்கள் பாடி அனுப்பினால் ஒன்றாகக் கோக்கலாமே என்று விட்டேகருக்குத் தோன்றியது.

ஏற்கெனவே வெளிவந்த ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே பாடி அனுப்பச் சொல்லி முதலில் சோதித்தார்கள். சரிவந்தது. அடுத்ததாக ‘லக்ஸ் ஔரும்க்வே’ என்ற தன் இலத்தீன் பாட்டுக்கு விட்டேகர் யாருமில்லாத அறையில், ஓசையே இல்லாமல், மனசுக்குள் மட்டும் பாட்டைக் கேட்டபடி கையசைத்துத் தன்னைப் படமெடுத்தார். பிறகு அந்தக் கையசைவைப் பார்த்துத் தானே பியானோ வாசித்துச் சேர்த்தார். அதைப் பார்த்து 12 நாடுகளிலிருந்து 185 பேர் பாடினார்கள். ஸ்காட் ஹெய்ன்ஸ் என்பவர் தானாக முன்வந்து எல்லாவற்றையும் தொகுத்தார். 2010 மார்ச்சில் அது வெளியாகி இரண்டே மாதத்தில் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. 2020-இல் ‘சிங் ஜென்ட்லி’ வந்தபோது பாடியவர்கள் 129 நாடுகளில் 17,572 பேர்.

இடையில் நடந்தது துயரமானது. 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பகுதியில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். 53 பேருக்குக் கொரோனா தொற்றியது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஆழ மூச்செடுத்துச் சேர்ந்து பாடுவதே ஆபத்து என்று உலகம் கற்றுக்கொண்டது அந்த ஒத்திகையிலிருந்து. அதன் பிறகு பல குழுக்களுக்குக் கூடத்துக்குள் போகத் துணிவு வரவில்லை.

எல்லாரும் முதலில் ஓடியது ஜூமுக்கு. ஐந்து நிமிடத்தில் அது நடக்காது என்று தெரிந்துபோனது. காரணம் சுலபம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மை எட்ட ஏறத்தாழ 29 மில்லிநொடி ஆகும். சேர்ந்து பாடுபவர்கள் தாங்கும் எல்லையும் கிட்டத்தட்ட அதுவே. அதைத் தாண்டினால் ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருக்க, அவர் இவருக்காகக் காத்திருக்க, பாட்டு மெல்ல மெல்லப் படுத்துவிடும். கூட்டம் நடத்தும் செயலிகளில் தாமதம் நூறு மில்லிநொடியைச் சாதாரணமாகத் தாண்டும். போதாக்குறைக்கு, ஒரு சமயத்தில் ஒருவர் பேச்சை மட்டும் தூக்கிக்காட்டி மற்றதையெல்லாம் இரைச்சல் என்று அமுக்கிவிடும் வழக்கம் அவற்றுக்கு. அதனால் விட்டேகரின் வழியே எல்லாருக்கும் வழியானது: தனித்தனியே பதிவு செய், பிறகு கோத்துக்கொள்.

சொல்ல எளிது. காதில் ஹெட்ஃபோன் மாட்டி, வழிகாட்டி ஒலியைக் கேட்டபடி, எதிரே கைபேசியை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு பாட வேண்டும். தொடக்கத்தில் குறித்த இடத்தில் ஒரு கைதட்டல். அதை வைத்துத்தான் தொகுப்பவர் எல்லாப் பதிவுகளையும் நேர்ப்படுத்துவார். பிறகு ஒவ்வொரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டி இரைச்சலையும் தெருச் சத்தத்தையும் துடைக்க வேண்டும். சுருதி, காலம் பார்க்க வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ பெரிய தொல்லை. நாற்பது பேர் நாற்பது நொடித்துகளில் ‘ஸ்’ சொன்னால் பாம்புப் புற்றுதான். ஓரிருவர் மட்டும் அதைச் சொல்லட்டும், மற்றவர்கள் விழுங்கிவிடுங்கள் என்று நடத்துநர்கள் கேட்டுக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஒரு கூடத்தின் எதிரொலியைச் செயற்கையாகச் சேர்ப்பார்கள்.

பாடியவர்களுக்கு இதில் இருந்த கஷ்டம் வேறு. குழுவில் பாடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். பக்கத்திலிருப்பவர் குரலில் சாய்ந்துகொண்டு பாடிப் பழகியவர்கள். இப்போது தன் குரல் மட்டும், தன் மூச்சு மட்டும். பதிவைத் திரும்பக் கேட்டு, வெட்கப்பட்டு, அழித்து, மறுபடி பாடி, அந்த அம்மணக் குரலை முகம் தெரியாத தொகுப்பாளருக்கு அனுப்புவதற்குத் தைரியம் வேண்டும். காதல் பாட்டுக்கு அந்தத் தைரியம் பொருத்தமானது என்பது என் எண்ணம். அரங்கத்தில் அறுபது பேர் சேர்ந்து ஏக்கத்தைப் பாடும்போது ஏக்கம் யாருடையதும் அல்ல. தனி அறையில் ஒரு பெண் ஆல்ட்டோ பகுதியைப் பாடும்போது அது அவளுடையது.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் தெரிவதைப் பலர் வெறுத்தார்கள். எல்லாப் பாட்டுக்கும் ஒரே கட்டம் என்றால் வெறுப்பு நியாயம்தான். ஆனால் இந்தக் கோவைக்குக் கட்டங்கள் சன்னல்கள். மூன்றாம் பாட்டில் ஆண் குரல்கள் இரண்டு மட்டும்; நான்காம் பாட்டில் பெண் குரல்கள் இரண்டு மட்டும். இரண்டே சன்னலைத் திறந்து வைத்தால் போதும். அலர் பாட்டு வரும்போது திரை கொள்ளாமல் முகங்களை நிரப்பலாம், ஊர் வந்துவிடும். டெனரின் தனிப்பாட்டுக்கு ஒரு சன்னல். இந்த நாடகத்தை அரங்கில் நெட்டை வரிசையாக நிற்கும் குழுவைக் கொண்டு காட்ட முடியாது.

கிடைக்காமல் போவது ஒன்று உண்டு. அது சின்னது அல்ல. முதல் பாட்டுக்கே பிராம்ஸ் லேன்ட்லர் நடையில் என்று குறித்திருக்கிறார். ஆஸ்திரியக் கிராமத்து நடனம் அது, நகரத்து வால்ட்சைவிட நிதானம். வியன்னாக்காரர்கள் வால்ட்ஸ் வாசித்தால் மூன்று அடியும் சம இடைவெளியில் விழாது. இரண்டாம் அடி ஒரு நூல் முந்தும். சொற்றொடர் திரும்புமிடத்தில் எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில்தான் காதல் இருக்கிறது. வழிகாட்டி ஒலியைக் கணினியின் டிக்-டிக் மேல் கட்டினால் அது செத்துவிடும். இணையத்தில் வந்த பல வால்ட்சுகள் ராணுவ நடை போட்டதற்கு இதுவே காரணம். பாடியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

தாமதத்தையே எதிர்கொண்டு நேரடியாகப் பாடிப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் உருவாக்கிய ஜாக்ட்ரிப், இலவச மென்பொருளான ஜாமுலஸ் இரண்டும் அப்போது கைகொடுத்தன. கம்பி இணைப்பு வேண்டும், ஆட்கள் மிகத் தொலைவில் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் சில குழுக்கள் வாகன நிறுத்தத்தில் ஆளுக்கொரு காரில் உட்கார்ந்து, கம்பியில்லா மைக்கில் பாடி, கலந்த ஒலியைக் கார் வானொலியில் கேட்டன. பழைய பண்பலை நுட்பத்தில் தாமதம் இல்லை என்பதால் அது கச்சிதமாக நடந்தது. 

அரங்கங்கள் திறந்தாயிற்று. இருந்தாலும் இந்தக் கோவையை இணையத்தில் ஏற்ற இன்னும் குழுக்கள் நினைக்கலாம், நினைக்க வேண்டும். வயதாகி ஒத்திகைக்கு வர முடியாதவர், ஊர் மாறிப்போனவர், நோயாளி என்று எந்தக் குழுவிலும் நாலு பேர் இருப்பார்கள். அப்படி ஏற்ற நினைக்கும் குழுக்களுக்கு நான் சொல்ல விரும்புவது பியானோவைப் பற்றி. கணவன் மனைவியோ, உடன்பிறந்தவர்களோ, நெடுநாள் சேர்ந்து வாசித்த நண்பர்களோ, ஒரே பியானோவில் நான்கு கைகளைப் பழக்கியவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்களை டிக்-டிக் இல்லாமல், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு, பதினெட்டையும் வாசிக்க விடுங்கள். நடத்துநர் அந்தப் பதிவைக் கேட்டுக் கையசைத்துப் படமெடுக்கட்டும். எங்கே தயங்குகிறார்கள் என்பதைப் பாடகர்கள் மனப்பாடம் ஆகும்வரை கேட்கட்டும். பாடுவது அதற்குப் பிறகு.