பதாகை அச்சுக்கு எந்த ‘ரிப்’ மென்பொருள்? வாங்கும் முன் தமிழ்க் கோப்புடன் போய்ச் சோதியுங்கள்

தைப்பூசம், தீபாவளி, ஆலயத் திருவிழா, திருமணம், கருமக்கிரியை என எதுவாக இருந்தாலும் நம் நிகழ்ச்சிகளில் முதலில் கண்ணில் படுவது பதாகைதான். அவற்றை அச்சிட்டுத் தரும் சிறிய கடைகளை நம்மவர் பலர் நடத்துகிறார்கள். புதிதாகத் தொடங்க நினைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

இயந்திரம் வாங்கும்போது விலை, அகலம், மை ஆகியவற்றை விசாரிக்கிறோம். அதை இயக்கும் மென்பொருளைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்காமல் விட்டதால் நேர்ந்ததை சிலாங்கூரில் பதாகைக் கடை நடத்தும் ஒருவர் நம்மிடம் பகிர்ந்துகொண்டார்.

அது ஒரு பாட்டியின் 16-ஆம் நாள் காரியத்துக்கான பதாகை. கணினித் திரையில் பெயர் சரியாகவே இருந்தது. அச்சில் ‘கோ’ என்ற எழுத்தின் இரட்டைக்கொம்பு ஓரிடத்திலும், ககரம் வேறிடத்திலும், துணைக்கால் இன்னோரிடத்திலும் விழுந்திருந்தன. இரவில் அவசரமாக எடுத்துச் சென்றவர்கள் விரித்துப் பார்க்கவில்லை. மறுநாள் காலை தோட்ட மண்டபத்தில் கட்டிய பிறகுதான் பேரப்பிள்ளைகள் கவனித்தார்கள். மாற்றி அடிக்க நேரமில்லை. கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அந்தக் குடும்பம் அதன்பிறகு அவர் கடைக்கு வரவில்லை.

‘ரிப்’ என்ன செய்கிறது?

‘ராஸ்டர் இமேஜ் புராசஸர்’ என்பதன் சுருக்கமே ‘ரிப்’. நாம் வடிவமைத்த கோப்பைப் படித்து, எந்த இடத்தில் எந்த மைத்துளி விழவேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது அதுதான்.

10 அடிக்கு 4 அடி பதாகையை 720 டிபிஐ தரத்தில் அச்சிட்டால், நீளத்தில் 86,400 புள்ளிகளும் உயரத்தில் 34,560 புள்ளிகளும் வரும். மொத்தம் ஏறக்குறைய 3 பில்லியன் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளில் எது விழும் என்பதை இந்த மென்பொருள் முடிவு செய்கிறது. இயந்திரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இங்கே தவறினால் அச்சு தவறும்.

சந்தையில் உள்ளவை

முதல் வகை, இயந்திரத்துடனேயே வருபவை. ரோலண்ட் இயந்திரங்களுக்கு வெர்சாவொர்க்ஸ், மிமாகிக்கு ராஸ்டர்லிங்க், எப்சனின் பதாகை இயந்திரங்களுக்கு எப்சன் எட்ஜ் பிரிண்ட் ஆகியவை இவ்வகை. ஒரே நிறுவனத்தின் இயந்திரம் மட்டும் வைத்திருக்கும் கடைக்கு இது பெரும்பாலும் போதும்.

இரண்டாம் வகை, தனியாக விலைக்கு வாங்குபவை. ஓனிக்ஸ், கல்டெரா, வாசாட்ச், எர்கோசாஃப்ட், ஃப்ளெக்ஸி போன்றவை பல நிறுவனங்களின் இயந்திரங்களை இயக்கும். இரண்டு மூன்று நிறுவனங்களின் இயந்திரங்கள் உள்ள கடைக்கு இவை பயன்படும். எல்லா வேலையையும் ஒரே திரையில் பார்க்கலாம்.

சீனாவில் தயாராகும் சால்வென்ட் இயந்திரங்கள் பலவற்றுடன் மெயின்டாப், ஃபோட்டோபிரிண்ட் போன்றவை வருகின்றன. எளிய பதாகை வேலைக்கு இவற்றைக் கொண்டே பலர் சமாளிக்கிறார்கள்.

தமிழ் எழுத்துச் சோதனை

விற்பனைக் கூடத்தில் காட்டப்படும் மாதிரிப் படங்களில் தமிழ் இருக்காது. ஆகவே உங்கள் கோப்பை நீங்களே கொண்டு செல்லுங்கள். அதில் கொ, கோ, கௌ, ணை, றூ, க்ஷ, ஸ்ரீ ஆகியவை இருக்கட்டும். ஒரே கோப்பை இரண்டு விதமாகத் தயார் செய்யுங்கள். ஒன்று, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப். மற்றொன்று, எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றியது. இல்லஸ்ட்ரேட்டரில் ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’, கோரல்டிராவில் ‘கன்வர்ட் டு கர்வ்ஸ்’ என்று இருக்கும்.

இரண்டும் சரியாக வந்தால் நல்லது. முதலாவது மட்டும் உடைந்தால் அந்த மென்பொருள் தமிழ் எழுத்துருவைச் சரியாகக் கையாளவில்லை என்று பொருள். இரண்டும் உடைந்தால் குறை உங்கள் வடிவமைப்பு மென்பொருளில் இருக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கும். எழுத்துரு பதியாத கோப்பு என்றால் முழு வரியுமே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக அச்சாகிவிடும்.

சோதனைக் கோப்பில் சாமி படம் ஒன்றையும், அதைச் சுற்றி ஒளிவட்டத்தையும் வையுங்கள். பழைய மென்பொருள்கள் சிலவற்றில் ஒளிவட்டம் வெள்ளைக் கட்டமாக வரும். 2006-இல் அறிமுகமான அடோபி பிடிஎஃப் பிரிண்ட் எஞ்சின் இத்தகைய ஊடுருவும் வண்ணங்களை நேரடியாகக் கையாளும். எந்த எஞ்சின் உள்ளே இருக்கிறது என்று கேளுங்கள்.

வண்ணமும் துணியும்

திரையில் குங்குமச் சிவப்பு, துணியில் செங்கல் நிறமாவது ஏன்? துணி, மை, இயந்திரம் ஆகிய மூன்றுக்கும் பொருத்தமான ‘ஐசிசி புரொஃபைல்’ இல்லாததே முக்கியக் காரணம். நீங்கள் வழக்கமாக வாங்கும் துணிக்கும் ஸ்டிக்கருக்கும் அது தரப்படுமா, இல்லையென்றால் யார் வந்து அமைத்துத் தருவார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான்கு மைகளும் முழு அளவில் விழுந்தால் 400 விழுக்காடு மை. அது எளிதில் காயாது, சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும். நல்ல மென்பொருளில் மை உச்சவரம்பை நாமே அமைக்கலாம். மைச் செலவும் குறையும்.

துணியை மிச்சப்படுத்தும் அடுக்கு வசதியையும் பாருங்கள். 5 அடி அகலத் துணியில் 2 அடிக்கு 6 அடி பந்திங் 10 அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாக அடித்தால் 60 அடி துணி போகும். இரண்டிரண்டாக அடுக்கினால் 30 அடி போதும்.

திருட்டு நகல் வேண்டாம்

‘இலவசமாகப் போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி வணிகத்துக்காகத் திருட்டு நகல் வைத்திருந்தால், ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். திருவிழா நேரத்தில் அது முடங்கினால் உதவிக்கு வரவும் ஆள் இருக்காது.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

1. என் இயந்திரத்தின் இதே மாடலுக்கு இயக்கி உண்டா? ஸ்டிக்கரை வடிவத்துக்கு ஏற்ப வெட்டவும் செய்யுமா?
2. விலை ஒருமுறையா, ஆண்டுச் சந்தாவா? எத்தனை இயந்திரங்களுக்கு?
3. உரிமம் யுஎஸ்பி சாவியில் உள்ளதா? தொலைந்தாலோ கணினி மாறினாலோ என்ன வழி?
4. பயிற்சி எத்தனை நாள்? பழுதானால் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள்?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். சோதனை அச்சையும் கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்து, பகல் வெளிச்சத்தில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவரிடமும் காட்டுங்கள். நாளை அந்த இயந்திரத்தில் அச்சாகப் போவது யாரோ ஒருவருடைய தாயின் பெயராக இருக்கும்.