இராமசேரி இட்டலியும் காழியர் கூவியர் மரபும்

அரிசிப் பண்டம் விற்றலைத் தொழிலாகக் கொண்டோர் பண்டைத் தமிழ் நகரங்களில் வாழ்ந்தனர். சிலப்பதிகாரம், இந்திரவிழவூரெடுத்த காதையில், மருவூர்ப்பாக்கத்து வாணிகருள் காழியரையும் கூவியரையும் எண்ணுகின்றது. காழியர் பிட்டு வாணிகர் என்றும் கூவியர் அப்ப வாணிகர் என்றும் உரை கூறும். திருவிளையாடற் புராணத்து வந்தியும் பிட்டு விற்று வாழ்ந்தவளே. எனினும், இத்தொழில் ஒரு குடியினுள் எங்ஙனம் வழிவழி வந்தது என்பதனை இந்நூல்களால் அறிதற்கில்லை. அதனை இன்றும் கண்கூடாகக் காணத்தக்க ஓரிடம் பாலக்காட்டை அடுத்த இராமசேரி ஆகும்.

பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. கணவாய் வழியே தமிழ்க் குடிகள் பல ஆங்குச் சென்று தங்கின. இராமசேரி முதலியார் குடும்பத்தினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்து நெசவாளர் என்பர். இக்குடும்பத்து மகளிர் இட்டலி அவித்து, கூடையிற் சுமந்து, சுற்றூர்களில் விற்றனர். மாமியாரிடமிருந்து மருமகள் கற்பதே இத்தொழிலின் மரபாக இருந்துவந்துள்ளது.

இவ்விட்டலி தோசைபோல் தட்டையானது. மட்கலத்தின் வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, அரைத்துப் புளிக்கவைத்த அரிசி உழுந்து மாவை ஊற்றி, விறகுத் தீயில் ஆவியால் அவிக்கின்றனர். கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதலும் உண்டு.

ஈண்டு ஆராய்ச்சியாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலாகிய வட்டாராதனை ‘இட்டலிகெ’ என்னும் பெயரைத் தருகின்றது. மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் உழுந்தினால் ஆகிய ‘இட்டரிகா’வைக் கூறுகின்றது, ஆண்டு அரிசி கூறப்படவில்லை. எனவே, பெயர்ப் பழமை ஒன்றே பண்டத்தின் பழமையை நிறுவாது. அரிசி எப்பொழுது சேர்ந்தது, எக்கலத்தில் அவித்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காண, ஏட்டுச் சான்றோடு அடுகலச் சான்றும் வேண்டப்படும். உலோகத் தட்டு பரவுமுன் இருந்த அவித்தல் முறைகளுள் ஒன்றை இராமசேரிக் கலம் காட்டுகின்றது எனலாம்.

இன்று ஒருசில குடும்பங்களே இத்தொழிலை நடத்துகின்றன. அவர்க்கு மாவு அரைக்கும் பக்குவம் மட்டும் போதாது; கலம் வனையும் குயவரும் வேண்டும். குயவர் சக்கரம் நின்றால் இவர்தம் அடுப்பும் அவியும். காழியர், கூவியர் என்னும் பெயர்களை நூல்கள் காத்தன. அவர்தம் கலமும் கைத்திறனும் மறைந்தன. இராமசேரியில் அவ்விரண்டும் இன்னும் உள்ளன. அவற்றையும், அவற்றிற்கு அம்மகளிர் வழங்கும் சொற்களையும் உரிய காலத்தே தொகுத்தல் தமிழாய்வார் கடனாகும்.