படைவிமானச் சேகரிப்பு மாதிரிகள்

போர் விமானங்களைக் குறித்த அளவு விகிதத்தில் சிறிதாக்கிச் செய்யும் உருக்கள். துத்தநாகக் கலப்புலோகத்தை அச்சில் வார்த்து, வண்ணம் தீட்டி, முழு உருவாகவே விற்கப்படுவது ஒரு வகை. பிளாஸ்டிக் பாகங்களாக வாங்கி வீட்டில் ஒட்டிச் சேர்ப்பது மற்றொன்று. சேகரிப்போர் பெரிதும் விலை பேசுவது முதல் வகைக்கே என்பதால் இக்கட்டுரையில் அதுவே முதன்மை பெறுகிறது.

தொடக்க வரலாறு

இக்கலையின் தாய்வீடு இங்கிலாந்து என்றே கொள்ள வேண்டும். ஃபிராங்க் ஹார்ன்பி நிறுவிய மெக்கானோ நிறுவனம், லிவர்பூல் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையிலிருந்து 1934-இல் டிங்கி டாய்ஸ் வரிசையில் விமானங்களையும் வெளியிட்டது. உள்ளங்கையில் அடங்கும் இவற்றுக்குப் பொதுவான அளவு விகிதம் கிடையாது. பெரிய குண்டுவீச்சு விமானமும் சிறிய சண்டை விமானமும் கடைப்பெட்டிக்கும் சிறுவர் கைக்காசுக்கும் ஏற்பச் சுருக்கப்பட்டன. 1940-இல் சில உருக்கள் உருமறைப்பு வண்ணத்தில் வந்தன. அதே ஆண்டு, போர் விமானம் வாங்கப் பொதுமக்களிடம் திரட்டிய ஸ்பிட்ஃபயர் நிதிக்காக, தொங்கவிட வளையம் பொருத்திய ஸ்பிட்ஃபயர் ஒன்றையும் மெக்கானோ விற்றது. போர்க்கால விமான நன்கொடைகளில் சென்னை மாகாணத்துக்கும் பங்குண்டு. பிரித்தானிய விமானப்படையின் 79, 234 ஆகிய இரு அணிகள் அம்மாகாணத்தின் பெயரைத் தாங்கின.

போருக்கு முந்திய டிங்கி விமானங்களின் இன்றைய விலையை அவற்றின் உலோகமே தீர்மானிக்கிறது. துத்தநாகக் கலவையில் காரீயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் போதும், ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளுக்குள் அரிப்பு பரவும். முதலில் வண்ணத்தின்மேல் மயிரிழைக் கோடுகள் தோன்றும். பிறகு உரு வீங்கும், இறக்கை வளையும், முடிவில் விரல் பட்டாலே உதிரும். ஈரமும் வெப்பமும் இதை விரைவாக்கும். திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே வளையாத இறக்கையும் மூலப்பெட்டியும் உள்ள உருவுக்கு, அதே மாதிரியின் விரிசல் விட்ட உருவைவிடப் பன்மடங்கு விலை.

அளவு விகிதம்

ஓர் அங்குலம் ஆறு அடியைக் குறிக்கும் 1:72 விகிதத்தை 1930-களில் ஸ்கைபேர்ட்ஸ் நிறுவனத்தின் மரப் பாகப் பெட்டிகளும், 1936-இல் ஃப்ராக் நிறுவனத்தின் பெங்குவின் வரிசையும் நிலைநாட்டின. பறக்கும் மாதிரிகளுக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனம், பறக்காத இந்த பிளாஸ்டிக் வரிசைக்குப் பறக்காத பறவையின் பெயரையே சூட்டியது. இரண்டாம் உலகப்போரில் விமானங்களை இனங்காணக் கற்பிக்க அமெரிக்கக் கடற்படையும் இதே விகிதத்தைக் கையாண்டது. பள்ளி மாணவர்கள் மரத்தில் செதுக்கிக் கொடுத்தார்கள். 35 அடி தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு இம்மாதிரி ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் விமானமாகத் தெரியும். 1953-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் ஸ்பிட்ஃபயரைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றபின் இவ்விகிதம் அசைக்க முடியாததாயிற்று. அந்த முதல் அச்சு உண்மை விமானத்தோடு சரியாகப் பொருந்தவில்லை, ஆனாலும் விற்றது. 1:48 விகிதத்தில் நுணுக்கம் கூடுதல். அலமாரியில் இடமும் கூடுதலாகப் பிடிக்கும்.

வடிவமைப்பு

தகடுகள் சேரும் கோடுகளில்தான் வடிவமைப்பாளரின் தேர்ச்சி வெளிப்படும். 1:72 மாதிரியில் அரை மில்லிமீட்டர் அகலக் கோடு, உண்மை விமானத்தில் 36 மில்லிமீட்டர் பள்ளத்துக்குச் சமம். அப்படியொரு விமானம் எங்கும் பறந்ததில்லை. வார்ப்பு உலோகத்தின்மேல் பூசும் வண்ணம் நுண்கோடுகளை அடைத்துவிடுவதால் உற்பத்தியாளர் வேண்டுமென்றே ஆழமாக வெட்டுகிறார்கள். அடையாளக் குறிகளும் எண்களும் சிலிக்கோன் மெத்தையால் ஒற்றப்படுகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஒற்றல். ஆறு நிற வால்சின்னம் என்றால் ஆறு முறை, அதில் ஒன்று இம்மி விலகினாலும் உரு கழிவுக்குப் போகும்.

நகரும் பாகங்கள் மற்றொரு சிக்கல். எஃப்-14 டாம்கேட் விமானத்தின் இறக்கைகள் விரிந்து ஒடுங்குபவை. அதை மாதிரியில் காட்ட வேண்டுமானால் உடலில் இடைவெளி விடவேண்டும். சக்கரங்கள் இறங்கிய நிலை, மடங்கிய நிலை இரண்டுக்கும் இடம் கொடுத்தால் கதவுகள் ஒட்டாமல் நிற்கும். நகரும் பாகம் குறைந்த மாதிரியே சிறந்த மாதிரி.

விலை

பெருஞ்செலவு எஃகு அச்சு செதுக்குவதில்தான். அச்சு ஒன்று அமைந்துவிட்டால் அதே உடலுக்கு அணிதோறும் வண்ணம் மாற்றி ஆண்டுக்கணக்கில் வெளியிடுவார்கள். விமானம் தயாரித்த நிறுவனத்துக்குச் செலுத்தும் உரிமத்தொகையும் சில்லறை விலையில் சேரும். மறுவிற்பனையிலோ கணக்கு வேறு: ஒரே அச்சு, ஒரே உலோகம், ஒரே உழைப்பு, ஆனால் கறுப்பு வாலில் மண்டையோடும் எலும்புகளும் தாங்கிய ஜாலி ரோஜர்ஸ் அணியின் டாம்கேட்டைத் தேடுவோர் சாம்பல் நிற டாம்கேட்டைத் தேடுவோரைவிட மிக அதிகம். வேலைப்பாடு மாறாதபோது வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பது அந்தச் சின்னத்துக்குத்தான். வரையறுத்த பதிப்பு என்று எண்ணிட்டுத் தரும் சான்றிதழ், அதே அச்சு மறுபடி வெளிவரும்போது பொருளிழக்கும். தீவிரச் சேகரிப்பாளர் அதை நம்பிப் பணம் போடுவதில்லை.

இன்றைய நிலை

மெக்கானோவின் பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. ஏர்ஃபிக்ஸ் 2006-இலும், வார்ப்பு மாதிரிகள் விற்கும் கோர்கி 2008-இலும் ஹார்ன்பி நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஹாங்காங்கின் ஹாபி மாஸ்டர் 1:72 வார்ப்பு மாதிரிகளில் முன்னணிப் பெயர்களுள் ஒன்று.