வேகமாக மலை ஏறினால் கள்ளனா?

  கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஜூலை மாதம் வந்தால் டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டத்தின் வீடியோக்கள் நமது பிள்ளைகளின் போன்களில் சுற்றும். மலையில் ஒருவர் மற்றவர்களை விட்டுவிட்டுத் தனியே ஏறிப் போனால் உடனே ஒரு தீர்ப்பு வரும்: "ஊசி போட்டிருப்பான்." நமது சித்திரைப் புத்தாண்டு சைக்கிளோட்டங்களிலும் இதே தீர்ப்பைக் கேட்கலாம். லயத்துப் பிள்ளை ஒன்று பழைய சைக்கிளில் வந்து டவுன் பிள்ளைகளை முந்திவிட்டால், கைதட்டுக்கு முன்னால் கதை வந்துவிடும். இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது, எங்கே சரியாக இருந்தது, எங்கே அநியாயமாகப் போனது என்ற வரலாற்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் வேகம் என்றால் எவ்வளவு வேகம் என்று பார்ப்போம். 2024 ஜூலையில் பிரான்சின் பிரனீஸ் மலைத்தொடரில் பிளாட்டோ டி பெய் என்ற ஏற்றத்தை ஸ்லோவேனிய வீரர் தடேய் பொகாச்சர் ஏறக்குறைய 40 நிமிடங்களில் ஏறி முடித்தார். தூரம் சுமார் 16 கிலோமீட்டர். ஏறிய உயரம் சுமார் 1,250 மீட்டர். இதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பதுளை ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பட்டிப்பொல நிலையம் சுமார் 1,890 மீட்டர். அந்த வித்தியாசமும் ஏறக்குறைய 1,240 மீட்டர்தான். பொடி மெனிக்கே ரயில் தெமோதரை, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை என்று வளைந்து வளைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து ஏறும் உயரத்தை, இந்த மனிதர் செங்குத்தான பாதையில் காலால் மிதித்து 40 நிமிடத்தில் ஏறினார். 1998இல் அதே மலையில் இத்தாலிய வீரர் மார்கோ பந்தானி வைத்த நேரத்தை அவர் 3 நிமிடங்களுக்கு மேல் முந்தினார்.

சந்தேகம் ஏன் சமதரையில் வராமல் மலையில் வருகிறது? சமதரையில் ஒருவர் மற்றவரின் பின்னால் ஒளிந்து காற்றை மிச்சம் பிடிக்கலாம். ஏற்றத்தில் அந்த உதவி மிகக் குறைவு. உடல் எடையும் காலின் சக்தியும்தான் பெரும்பாலும் பேசும். அதனால் உயரத்தையும் நேரத்தையும் வைத்து ஒருவர் எவ்வளவு சக்தி செலவழித்தார் என்று ஓரளவு கணக்குப் போடலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறினார் என்ற அளவுகோலைப் பிரபலப்படுத்தியவர் மிக்கேலே ஃபெராரி என்ற இத்தாலிய வைத்தியர். ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் வாழ்நாள் தடை விதித்ததும் அதே வைத்தியருக்குத்தான். இன்று கள்ளனைத் தேட நாம் எடுக்கும் அளவுகோல் அவரிடமிருந்து வந்தது.

சைக்கிளோட்டத்தில் மருந்து என்பது பழைய நோய். 1967 ஜூலை 13ஆம் திகதி பிரிட்டிஷ் வீரர் டொம் சிம்சன் மோன் வாந்தூ மலையில் கடும் வெயிலில் சரிந்து விழுந்து இறந்தார். அவரது உடலில் அம்ஃபெட்டமின் இருந்தது. ஆனால் மலையின் நேரங்களையே மாற்றிப்போட்டது 1990களில் பரவிய ஈ.பி.ஓ. என்ற ஊசி. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தச் சிவப்பணு குறைந்துபோகும். அதைக் கூட்டுவதற்காகத்தான் இந்த மருந்து வந்தது. நமது மாவட்டத்தில் கிராந்துருக்கோட்டைப் பக்கம் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் அவதிப்படுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நோயாளிக்கு எழுந்து நடக்கத் தெம்பு கொடுக்க வந்த மருந்தை, திடமான வீரர்கள் தங்கள் உடம்பில் ஏற்றினார்கள். சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஒட்சிசன் கூடும், ஏற்றத்தில் மூச்சு தாங்கும். அளவு மிஞ்சினால் இரத்தம் தடித்து இதயமே நின்றுபோகலாம்.

அந்தக் காலத்தில் இதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இல்லை. 1997இல் சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் ஒரு வரம்பு மட்டும் வைத்தது: இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1998 ஜூலையில் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவரின் காரை எல்லையில் நிறுத்தியபோது கார் நிறைய மருந்து அகப்பட்டது. கண்டுபிடித்தது ஆய்வுகூடம் அல்ல, சுங்க அதிகாரிகள். அந்த வருடப் போட்டியில் வென்ற பந்தானி 1999 ஜூனில் 50 சதவீத வரம்பைத் தாண்டியதால் இத்தாலியப் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2004இல் 34 வயதில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். 1998இல் எடுத்த மாதிரிகளில் அவருடையதிலும் ஈ.பி.ஓ. இருந்தது என்பது 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கையில் வெளிவந்தது.

அடுத்து வந்தவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங். புற்றுநோயிலிருந்து மீண்டு 1999 முதல் 2005 வரை 7 தடவை வென்றவர். எத்தனையோ பரிசோதனைகளில் தேறியவன் நான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உலகமும் நம்பியது. ஆனால் உண்மையைச் சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள். கிறிஸ்டோஃப் பாஸோன் என்ற பிரெஞ்சு வீரர் 1999இல் பத்திரிகையில் துணிந்து எழுதினார். சக வீரர்கள் அவரை ஒதுக்கினார்கள். போட்டியின் நடுவிலேயே வீட்டுக்குப் போனார். ஆம்ஸ்ட்ரோங்கின் அணியில் உடல் பிடித்துவிடும் வேலை செய்த எம்மா ஓ'ரைலி தான் கண்டதைச் சொன்னதற்காக அவர் மீது வழக்குப் பாய்ந்தது. கடைசியில் 2012இல் முன்னாள் அணித் தோழர்கள் 11 பேர் உட்பட பலர் சாட்சி சொன்ன பிறகுதான் 7 பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ரோங் தானே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்.

இதுவரை வாசித்தவர் "அப்படியென்றால் சந்தேகப்பட்டவர்கள் சொன்னது சரிதானே" என்று கேட்பார். நியாயமான கேள்வி. பதில் நமது நாட்டிலேயே இருக்கிறது.

கேகாலை மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த சுசந்திகா ஜயசிங்க 1997இல் ஏதென்ஸ் உலகச் சம்பியன்ஷிப்பில் 200 மீட்டரில் வெள்ளி வென்றார். 1998இல் ஊக்கமருந்து பாவித்தார் என்ற குற்றச்சாட்டு வந்தது, தடை வந்தது. ஊரெல்லாம் கதை. பின்னர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2000 செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்கில் 22.28 செக்கனில் ஓடி மூன்றாவதாக வந்தார். 1948இல் டங்கன் வைட் வென்ற வெள்ளிக்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அன்று தங்கம் வாங்கியவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். உலகமே கொண்டாடிய முகம். 2007இல் ஜோன்ஸ் தான் மருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டார், பதக்கங்களை இழந்தார். 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது. யோசித்துப் பாருங்கள். சந்தேகத்தைச் சுமந்தவர் கிராமத்துப் பெண். கைதட்டு வாங்கியவர் மருந்து பாவித்தவர். 9 வருடம் கழித்து வந்த வெள்ளி, சிட்னி மேடையில் நின்ற அந்த நிமிடத்தைத் திருப்பித் தருமா?

இன்னொன்று. 2015 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா பரிசோதனையில் சிக்கியதாக அறிவிக்கப்பட்டு நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். 2016 இருபதுக்கு 20 உலகக் கிண்ணமும் அவருக்கு இல்லாமல் போனது. இலங்கை கிரிக்கெட் நிறுவனம் சட்டத்தரணிகளையும் நிபுணர்களையும் வைத்துப் போராடியது. கத்தாரில் இருந்த ஆய்வுகூடம் தனது முடிவை வாபஸ் பெற்றது. 2016 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் சபை அவரை முழுமையாக விடுவித்தது. நிறுவனம் ஒன்று பின்னால் நின்றதால் அவர் தப்பினார். அப்படி ஆள் இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு யார் நிற்பார்?

இந்த வரலாற்றில் நான் காண்பது இதுதான். பரிசோதனையில் தேறுவது மட்டும் சுத்தத்துக்கு அத்தாட்சி ஆகாது. ஆம்ஸ்ட்ரோங் அதற்குச் சாட்சி. பரிசோதனையில் சிக்கியதாக வரும் அறிவிப்பும் கடைசி வார்த்தை அல்ல. குசல் அதற்குச் சாட்சி. அப்படியிருக்க, நேரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்? அதிசயமான நேரம் வந்தால் பரிசோதிக்கலாம், கேள்வி கேட்கலாம், மாதிரியைப் பத்திரமாக வைக்கலாம். ஆனால் அது தீர்ப்பு ஆகாது. பொகாச்சர் எந்தப் பரிசோதனையிலும் சிக்கவில்லை. பந்தானி காலத்துச் சைக்கிளும், டயரும், சாப்பாட்டு முறையும் இன்றையவை அல்ல. சூறா அல் ஹுஜுராத் செய்தியை விசாரிப்பதையும், ஊகத்திலிருந்து விலகுவதையும் ஒரே அத்தியாயத்தில் வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் நீதி. விசாரிக்காமல் விடுவதும் பிழை, விசாரிக்காமல் பேசுவதும் பிழை.

நமக்கு இதில் வேலை இருக்கிறது. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் பெயர் தெரியாத பவுடரையும் ஊசியையும் வாங்கிப் பாவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2011இல் உபுல் தரங்க தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்தினால் 3 மாதத் தடை பெற்றார். ஆகவே நாட்டு மருந்து என்றாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். யாராவது பிள்ளைகளுக்கு மருந்து விற்பதைக் கண்ணால் கண்டால் அதிபரிடமோ, கொழும்பில் இருக்கும் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்திடமோ சொல்லுங்கள். சொன்னவரைத் துரத்தாதீர்கள். பாஸோனுக்கு நடந்தது இங்கேயும் நடக்க வேண்டாம்.

கண்ணால் காணவில்லை என்றால், அப்புத்தளை ஏற்றத்தில் முதலாவதாக வரும் பிள்ளையிடம் எத்தனை மணிக்கு எழும்பிப் பழகுகிறாய் என்று மட்டும் கேளுங்கள். அநேகமாக அவன் அதிகாலை இருட்டில் பால் கேனோ, பாண் கூடையோ கட்டிக்கொண்டு அதே ஏற்றத்தைத் தினமும் ஏறிக்கொண்டிருப்பான்.