பொலிஸாரின் 'கொஃபி'யும் பின்கதவு வதந்தியும்



கடந்த வாரம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், எல்லாக் கொம்பியூட்டரையும் திறக்கிற சாவி ஒன்றை கம்பனிக்காரங்க பொலிஸுக்குக் குடுத்திருக்காங்களாமே? பிறகு பாஸ்வேர்ட் எதுக்கு?"

இதற்கு ஒரு பழைய வரலாறு பதில் சொல்லும்.

2007 நடுப்பகுதியில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் பொலிஸாருக்கென ஒரு சிறிய யூஎஸ்பி கருவியை இலவசமாக வழங்கத் தொடங்கியது. பெயர் 'கொஃபி'. 2008 ஏப்ரலில் இச்செய்தி வெளியானதும், விண்டோஸுக்குள் பொலிஸாருக்கு இரகசியப் பின்கதவு வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு இணையத்தில் பரவியது.

உண்மை என்ன? சந்தேகநபரின் கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்தினால் சில தடயங்கள் அழிந்துவிடும். எந்த மென்பொருள் ஓடியது, எதனுடன் இணைந்திருந்தது என்பன போன்றவை. கொஃபியைச் செருகினால் சுமார் 150 கட்டளைகள் தாமாக இயங்கி அவற்றைத் திரட்டும். அவ்வளவுதான். 2009 நவம்பரில் அந்த மென்பொருளே இணையத்தில் கசிந்தது. திறந்து பார்த்தவர்கள் கண்டது, பெரும்பாலும் ஏற்கெனவே எவரும் பெறக்கூடியதாக இருந்த கருவிகளின் தொகுப்பைத்தான்.

அதற்காகப் பின்கதவு என்பதே கட்டுக்கதை என்று சொல்லவும் முடியாது. 1993 இல் அமெரிக்க அரசு 'கிளிப்பர்' என்ற சிப்பைப் பகிரங்கமாகவே அறிவித்தது. அதைப் பொருத்திய தொலைபேசிகளின் சாவி இரண்டு பாதியாக இரண்டு அரச நிறுவனங்களிடம் இருக்கும் என்பது திட்டம். 1994 இல் மெட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அந்தச் சிப்பைச் சோதித்து, அரசின் வழியை அடைத்துவிட்டும் அதைப் பாவிக்கலாம் என்று காட்டினார். எதிர்ப்பும் வலுத்தது. 1996 அளவில் திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொஃபி விடயத்தில் நடந்தது வதந்தி. அதனால் எவருக்கும் பாதுகாப்புக் கூடவில்லை. கிளிப்பர் விடயத்தில் நடந்தது சோதனை. அது ஓர் அரசின் திட்டத்தையே அசைத்தது.

வதந்தியின் பெரிய தீங்கு பயமல்ல, அலட்சியம். "எப்படியும் பார்ப்பாங்கதானே" என்று போனைப் பூட்டாமல் விடுகிறோம். அந்தப் போனைத் திருடனும் திறப்பான், திருத்தக் கொடுத்த இடத்திலும் திறப்பார்கள். கொஃபிகூட, ஏற்கெனவே திறந்து இயங்கிக்கொண்டிருந்த கணினிக்காகச் செய்யப்பட்டதுதான்.

அவனிடம் சொன்னேன்: "மகன், பாஸ்வேர்ட் போடு. சாவி இருக்கு என்று சொல்றவரிடம், எங்க பார்த்தீங்க என்று கேள்."