ஆனைமலைத் தேக்கும் ஆழ்கடற் கப்பல்களும்

கோயம்புத்தூர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து பொன்னானி வரை சென்றால்தான் அலையோசை கேட்கும். ஆயினும், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆழ்கடல் செல்லும் கப்பலை ஆயத்தம் செய்யும் பணி நம் ஆனைமலைக் காட்டில் கோடரியுடன் தொடங்கியது. பம்பாய்க் கப்பல் கட்டுந்துறைக்குத் தேக்கு அனுப்பும் பொருட்டு, 1848இல் சென்னை அரசு ஜேம்ஸ் மைக்கேல் என்னும் இளம் படை அதிகாரியிடம் அக்காட்டை ஒப்படைத்தது.

கப்பலுக்கு ஏன் தேக்கு? ஆங்கிலேயர் தம் நாட்டில் ஓக் மரத்தால் கப்பல் கட்டி வந்தனர். நெல்சனின் ‘விக்டரி’ ஒன்றுக்கே ஏறத்தாழ 6,000 மரங்கள் வீழ்ந்தன என்பர். அவற்றுள் பெரும்பாலானவை ஓக். நெப்போலியப் போர்க்காலத்தில் அந்நாட்டில் ஓக் அரிதாயிற்று. மேலும், ஓக்கில் டானிக் அமிலம் மிகுதி. ஈரம் பட்டால் அது இரும்பு ஆணியை அரிக்கும். ஆணியைச் சுற்றியுள்ள மரமும் கருத்து நைந்துவிடும். நடுக்கடலில் புயல் அறையும்போது ஆணி கைவிட்டால் கப்பலில் உள்ளோர் கதி என்ன? தேக்கிலுள்ள எண்ணெய்ப் பசையோ ஆணியையும் காத்து, காளானையும் கறையானையும் அண்டவிடாமல் தடுக்கிறது. வெயிலிலும் ஈரத்திலும் தேக்குப் பலகை மிகக் குறைவாகவே சுருங்கி விரிகிறது. தச்சருக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. தேக்கினுள் இருக்கும் சிலிகா, வாளின் பற்களை விரைவில் மழுக்கிவிடும்!

பச்சைத் தேக்கு நீரில் சரிவர மிதக்காது. ஆகவே, மரத்தை வெட்டுவதற்கு முன்பே உலர்த்திவிடுவது தேக்குக் காடுகளில் வழக்கம். அடிமரத்தைச் சுற்றி, பட்டையையும் வெளிமரத்தையும் வைரம் தெரியும் வரை வளையமாகச் செதுக்கிவிடுவர். நீர் மேலேறும் வழி அறுபட, மரம் நின்றபடியே பட்டுப்போகும். இரண்டு மூன்று ஆண்டுகள் அவ்வாறே காய்ந்த பின்னரே கோடரி விழும். நேரான அடிமரம் பலகைக்கு. வளைந்த கிளைக்கோ தனி மதிப்பு. விலாச் சட்டத்திற்கு (இதனை ‘வங்கு’ என்பர்) இயற்கையாகவே வளைந்த மரம் வேண்டும். நேரான மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்து வலு குன்றும்.

வெட்டிய மரங்களை யானைகள் இழுத்து வந்து சரிவின் விளிம்பில் சேர்க்கும். அங்கிருந்து அவை கீழே உருட்டிவிடப்பட்டன. இன்று சுற்றுலாப் பயணிகள் நாடிச் செல்லும் ‘டாப்சிலிப்’ என்ற இடத்தின் பெயர் இவ்வாறு வந்ததே. பின்னர் ஆற்று வழியாகப் பொன்னானிக்கும், அங்கிருந்து கடல் வழியாகப் பம்பாய்க்கும் மரங்கள் சென்றன. யானைகளைப் பழக்கி நடத்துவதில் மலசர் கைதேர்ந்தவர்கள்; கப்பல் வரலாற்று நூல்களில் அவர்களைக் காண்பது அரிது.

பம்பாயில் 1750 முதலே உலர்துறை இருந்தது. வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கப்பல் கட்டினர். ஏராக்கட்டையின் மீது வங்குகளை நிறுத்தி, பலகை அறைந்து, இடுக்குகளில் நாரோ பஞ்சோ திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் பூசுவர். இதற்குக் கலப்பற்றுதல் என்று பெயர். அடிப்புறத்திற்குச் செப்புத் தகடு போர்த்துவர். கப்பற்புழுவிடமிருந்து காக்கவே இந்த ஏற்பாடு. பெயரில் புழுவாயினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். இங்கும் வேதியியல் குறுக்கிட்டது. உப்பு நீரில் செம்பும் இரும்பும் அடுத்தடுத்து இருந்தால் மின்கலம் போலாகி, இரும்பு கரையும். தகடு புதிதாக மின்ன, உள்ளே ஆணிகள் உளுத்துப் போன கப்பல்கள் சில உண்டு. ஆகவே ஆணிகளையும் செம்புக் கலவையால் செய்யலாயினர். 1817இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது.

கடலுக்கு இவ்வளவு நல்ல மரம், காட்டுக்குக் கேடாக முடிந்தது. மலபாரில் ஆறுகளை ஒட்டிய தேக்கு முதலில் தீர்ந்தது. அதனால்தான் கண்கள் ஆனைமலையின் உயரங்களை நோக்கின. 1840களில் கானொலி நிலம்பூரில் தேக்கைப் பயிரிடத் தொடங்கியதும் இந்தப் பற்றாக்குறையால்தான். 1856இல் கிளெக்ஹார்ன் தலைமையில் சென்னை மாகாண வனத்துறை அமைந்தது. ஆனால் 1860இல் இரும்பு உடல் கொண்ட ‘வாரியர்’ போர்க்கப்பல் கடலில் இறங்கிய பின்னும் காட்டிற்கு ஓய்வு கிட்டவில்லை. 1862இல் சென்னை–பேப்பூர் இருப்புப் பாதை முடிந்தது. தண்டவாளக் கட்டைகளுக்கும் மரம் தேவைப்பட்டது.

மொட்டையான சரிவுகளில் மீண்டும் தேக்கு வளர்த்தவர் ஹியூகோ வுட். கைத்தடியால் மண்ணில் குத்தி விதையிட்டுக்கொண்டே நடப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1933இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்சிலிப்பில், தேக்கு மரங்களுக்கு நடுவே இருக்கிறது. 2007 முதல் அப்பகுதி புலிகள் காப்பகம். அடுத்துள்ள பரம்பிக்குளத்தில், 6 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள கன்னிமாரா தேக்கு நிற்கிறது. வெட்ட முனைந்தபோது அதிலிருந்து குருதி கசிந்ததாம். அன்று முதல் அம்மரத்தைத் தெய்வமாக வணங்கி வருகிறார்கள்.